ஊதா நிறப் பலாப்பழம்

போன வாரம் என் முதல் நேர்முகத் தேர்வில் நாற்காலியோடு சாய்ந்து விழுந்த கதையில் நிறுத்தியிருந்தேன். அதைப் படித்துவிட்டு விருத்தாசலத்து வாசகர் ஒருவர், "விழுந்தது இருக்கட்டும், நீங்கள் என்ன வேலைதான் பார்க்கிறீர்கள்? ஒரு வாரத்திலும் சொல்லவில்லையே" என்று எழுதியிருக்கிறார். நியாயமான கேள்விதான். என் அம்மாவுக்கே இதற்குப் பதில் தெரியாது. இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன். ஆனால் ஒரு சாப்பாட்டுப் பந்தியிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது.

ரசம் வந்த நேரம்

சிதம்பரத்தில் ஒரு கல்யாணம். கல்யாணம் என்று எழுதுகிறேனே தவிர, அது காதுகுத்தாகவும் இருக்கலாம், வளைகாப்பாகவும் இருக்கலாம். சிலவற்றை மாற்றித்தான் எழுதியாக வேண்டும். ஏன் என்று போகப் போகத் தெரியும்.

மண்டபத்தின் கீழ்த்தளத்தில் பந்தி. காற்றாடி எங்கள் வரிசைக்கு எட்டவில்லை. மேசையில் விரித்த காகிதம் ஈரத்தில் ஒட்டிக்கொண்டு முழங்கையோடு வந்தது. எனக்கு வலது பக்கம் அம்மா. இடது பக்கம் அப்பா வழி உறவில் ஒரு பெண்மணி. எப்படி உறவு என்று கேட்டால் அம்மா அரை மணி நேரம் விளக்குவாள், முடிவில் விளங்காது. எனக்கு அத்தை முறை என்பதோடு விட்டுவிடலாம். அதற்கு முன்னால் நான் அவரைப் பார்த்ததில்லை. அவர் கட்டியிருந்த பட்டுப்புடவை மாம்பழ நிறம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதையும் மாற்றித்தான் எழுதுகிறேன்.

ரசம் வருகிற நேரத்தில் அத்தை மடியில் இருந்த பர்ஸைத் திறந்து கைக்குட்டை எடுத்தார். கூடவே வந்த வீட்டுச் சாவியை இலைக்குப் பக்கத்தில் வைத்தார்.

சாவியில் ஒரு கீசெயின். கட்டைவிரல் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் பலாப்பழம். முள்ளெல்லாம் இருந்தது. நிறம் மட்டும் ஊதா.

எனக்கு ரசம் தலைக்கு ஏறிவிட்டது. அம்மா என் உச்சியில் இரண்டு தட்டு தட்டிவிட்டு, என் தலைக்கு மேலாகவே அத்தையிடம் பெருமையாகச் சொன்னாள்: "இவதான் என் பொண்ணு சுமதி. சென்சஸ்ல இருக்கா."

இலையில் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த அத்தையின் கை அப்படியே நின்றுவிட்டது. மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். நான் கீசெயினைப் பார்த்தேன்.

அத்தை அங்கேயே உட்கார்ந்திருக்கட்டும். கொஞ்சம் பின்னால் போய்விட்டு வருகிறேன்.

அம்மாவின் சென்சஸ்

நான் புள்ளியியல் படித்தவள். படித்ததும் சிதம்பரத்தில்தான். எங்கள் வீடு காடாம்புலியூர்ப் பக்கம். முந்திரி, பலா, அதற்கு மேல் பேச்சு என்று விளைகிற பூமி. அங்கே போய்ப் புள்ளியியல் என்றால் யாருக்கும் புரியாது. புரிந்தாலும் சம்பந்தம் பேச உதவாது.

இப்போதைய வேலை கிடைத்த அன்று அம்மா கேட்டாள்.

"என்னாடி வேல?"

"எண்ணுற வேலம்மா."

"யார?"

"எண்ண முடியாதவங்கள."

அம்மா போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். அவள் திரும்பி வருவதற்குள் நான் சென்சஸ் அதிகாரி ஆகியிருந்தேன். அன்றிலிருந்து ரேஷன் கார்டில் பெயர் தப்பாக இருக்கிறது, வீட்டு எண் மாறிவிட்டது, செத்தவர் பெயர் இன்னும் பட்டியலில் நிற்கிறது என்று உறவெல்லாம் எனக்குத்தான் போன் செய்கிறது. நானும் கூசாமல் யோசனை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

உண்மையான வேலை இதுதான். ஒளிந்து வாழ்கிறவர்கள் ஓர் ஊரில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று கணித்துச் சொல்ல வேண்டும். ஒளிந்து என்றால் காட்டுக்குள் இல்லை. நம் தெருவில், நம் பஸ்ஸில், நம் பக்கத்து இலையில்தான் இருப்பார்கள். ஆனால் தாங்கள் இன்னார் என்று யாரிடமும் சொல்ல மாட்டார்கள். கதவைத் தட்டி "அம்மா, நீங்க பாலியல் தொழில் பாக்கறீங்களா?" என்று கேட்டால் விளக்குமாறுதான் பதில் சொல்லும். அதனால் கேட்காமலே எண்ணுவதற்கு என்று சில முறைகள் இருக்கின்றன. அதில்தான் என் பிழைப்பு ஓடுகிறது.

மாடி

கடலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மெத்தைக் கடை. அதற்கு மேலே, அந்தத் தொழிலில் இருக்கிற பெண்களுக்காக எங்கள் தொண்டு நிறுவனம் நடத்துகிற மையம். போர்டில் 'நலவாழ்வு ஆலோசனை மையம்' என்று எழுதியிருக்கும். வருகிற பெண்கள் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. அவர்களுக்கு அது 'மாடி'.

மாடியில் பெரிதாக ஒன்றும் இல்லை. வாரத்தில் சில நாள் நர்ஸ் வருவார். உள்பக்கம் தாழ்ப்பாள் ஒழுங்காக விழுகிற ஒரு குளியலறை. நாலைந்து பாய். பகலில் ஒரு மணி நேரம் காலை நீட்டிப் படுத்தால் யாரும் எழுப்ப மாட்டார்கள். ஓர் இரும்பு அலமாரி உண்டு. வீட்டில் வைத்தால் கேள்வி வரும் என்று பயந்து தங்கள் எச்.ஐ.வி. மாத்திரையை அந்த அலமாரியில் வைத்திருந்து, வந்து வந்து விழுங்கிவிட்டுப் போகிற பெண்கள் இருந்தார்கள். கிள்ளையிலிருந்தும் பெண்ணாடத்திலிருந்தும்கூட அதற்காக பஸ் ஏறி வருவார்கள். வீட்டில் கேட்டால் மெத்தைக் கடைக்குப் போனேன் என்பார்கள். அவர்கள் போய்வந்த கணக்கைப் பார்த்தால் ஒவ்வொரு வீட்டிலும் மெத்தை கூரையைத் தொட்டிருக்க வேண்டும்.

அந்த மாடிக்குத்தான் ஆபத்து வந்தது. ஒரு வட்டாரத்தில் இப்படிப்பட்ட பெண்கள் இத்தனை பேருக்குக் குறையாமல் இருந்தால்தான் தனி மையம், குறைந்தால் விழுப்புரத்தோடு சேர்த்துவிடுவோம் என்று நிதி கொடுப்பவர்கள் சொல்லிவிட்டார்கள். கிள்ளையில் இருக்கிற பெண் எந்த மெத்தைக் கடையைச் சொல்லிக்கொண்டு விழுப்புரம் போவாள்? மாடி மூடினால் மாத்திரை நின்றுவிடும். எனக்கும் தெரியும், வசந்தியக்காவுக்கும் தெரியும்.

வசந்தியக்கா மாடியின் களப்பணியாளர். அவரும் அந்தத் தொழிலில் இருந்தவர்தான். கடலூர் முதுநகர்க்காரர். குரல் துறைமுகம் வரைக்கும் கேட்கும். நான் வேலைக்குச் சேர்ந்த அன்று என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இந்த மேடத்த யாரு எண்ணி அனுப்புனது? ஒண்ணு கொறையுதே" என்றார். என்ன குறைந்தது என்று இன்றுவரை சொல்லவில்லை.

ரோஜாப்பூக் கணக்கு

முறையை அவருக்கு நான் விளக்கியது இப்படித்தான்.

ஒரு கல்யாண மண்டபம். காலை டிபனுக்கு வந்தவர்களில் கொஞ்சம் பேருக்கு ஆளுக்கொரு ரோஜாப்பூ கொடுக்கிறோம். மதியம் பந்தியில் எட்டிப் பார்க்கிறோம். உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப்பேரிடம் ரோஜா இருந்தால், நாம் காலையில் கொடுத்தது மொத்தக் கூட்டத்தில் பாதிக்கு என்று அர்த்தம். பத்துப் பேரில் ஒருத்தரிடம்தான் இருக்கிறது என்றால், கொடுத்த ரோஜாவைப் போலப் பத்து மடங்கு கூட்டம் வந்திருக்கிறது. யாரையும் பெயர் கேட்க வேண்டாம், வரிசையில் நிற்க வைக்க வேண்டாம்.

"அப்ப ரோசாப்பூ கம்மியா தெரிஞ்சா ஆளு ஜாஸ்தி," என்றார் வசந்தியக்கா.

"அதேதான்க்கா. எல்லார்கிட்டயும் ரோசாப்பூ இருந்தா ஆளு கம்மி."

"செரி. ஆனா பூவ டிபன் சாப்புடுறப்பவே எவளாவது தலையில வச்சிக்கிட்டுப் பூடுவா," என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். முறையின் நுட்பம் அவர் மனதில் எவ்வளவு தங்கியது என்பது பிற்பாடு தெரிந்தது.

நாய்களும் ஒரு ஆடும்

எனக்கும் இதில் முன் அனுபவம் இருந்தது. படித்து முடித்த புதிதில் சிதம்பரத்தில் தெருநாய்க் கணக்கெடுப்பில் இருந்தேன். அங்கேயும் இதே ரோஜாப்பூதான். ஊசி போட்ட நாயின் முதுகில் நீலச் சாயம் அடித்துவிடுவோம். மறுநாள் போய்ச் சாயம் உள்ளது எத்தனை, இல்லாதது எத்தனை என்று பார்ப்போம்.

ஒரு தெருவில் மறுநாள் போனால் எல்லா நாயும் நீலம். குட்டி நாய், கிழட்டு நாய், நாங்கள் கண்ணால் பார்த்தே இராத நாய், எல்லாம் நீலம். சாயம் இல்லாத நாயை வண்டி வந்து பிடித்துக்கொண்டு போகும் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். நாய் வராண்டாவில் ஏறினால் கல்லெடுத்து அடிக்கிற அதே தெரு ராத்திரியோடு ராத்திரியாக சொட்டுநீலம் வாங்கி எல்லாவற்றின் முதுகிலும் தடவிவிட்டது. அவசரத்தில் ஒரு ஆட்டுக்கும் தடவியிருந்தார்கள். ஆடு எங்களைப் பார்த்துக்கொண்டே சுவரொட்டியைத் தின்றுகொண்டிருந்தது.

எங்கள் மாவட்டத்தில் புள்ளியியலுக்கு முதல் எதிரி பாசம். அன்றைக்கு அந்த ஆட்டைப் பார்த்துச் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். அதே பாசம் மாடி வரைக்கும் ஏறி வரும் என்று யார் கண்டது?

கத்திரிக்காய் ஆகிவிடக் கூடாது

பெண்களுக்கு என்ன கொடுப்பது என்பதில் பெரிய விவாதம் நடந்தது. ரோஜா வாடிவிடும். வளையல் என்றால் அளவு பிரச்சினை. கண்ணாடி வீட்டில் விழுந்து உடைந்தால் அபசகுனம் என்பார்கள். பொருள் சின்னதாக இருக்க வேண்டும். வீட்டில் யார் பார்த்தாலும் சந்தேகம் வரக் கூடாது. முக்கியமாக, எந்தக் கடையிலும் கிடைக்கக் கூடாது.

கீசெயின் என்று முடிவானது. எங்கள் ஊர்ப் பாசத்தில் பலாப்பழம் என்றேன். மஞ்சளிலும் பச்சையிலும் எவனாவது விற்பான் என்பதால் ஊதா. புதுச்சேரியில் அச்சு வார்க்கிறவரிடம் போனோம்.

"மேடம், பலாப்பழம் ஊதாவுல இருக்காதே."

"அதனாலதான் கேக்கறேன்."

"கத்திரிக்கான்னு நெனச்சுப்பாங்க."

"முள்ளு வைங்க."

அவர் வருத்தத்தோடு முள் வைத்துக் கொடுத்தார். ஒரு சாக்குப்பை நிறைய வந்தது. வசந்தியக்கா அதைத் தூக்கிக்கொண்டு சுற்றினார். தொழிலில் இருக்கிற பெண்ணாகப் பார்த்து ஆளுக்கு ஒன்று, அதற்கு மேல் கிடையாது. கொஞ்ச நாளில் சாக்கு காலி.

சில வாரம் கழித்து இரண்டாவது சுற்று. வசந்தியக்காவுக்குச் சம்பந்தமே இல்லாமல், புதுச்சேரியிலிருந்து வந்த இரண்டு பெண்கள் வேறு வழிகளில் விசாரித்து, அதே தொழிலில் இருக்கிறவர்களைத் தேடிப் பிடித்துப் பேசினார்கள். கேள்வி ஒன்றுதான் முக்கியம். சமீபத்தில் உங்களுக்கு யாராவது பலாப்பழம் கீசெயின் கொடுத்தார்களா?

நல்ல இனிப்பு

எல்லோரும் ஆமாம் என்றார்கள்.

முதல் நாள் எனக்குச் சந்தேகம் வரவில்லை. இரண்டாவது நாளும் எல்லோரும் ஆமாம். அன்று காலையில்தான் வெளியூரிலிருந்து வந்து இறங்கியவர்கள்கூட ஆமாம். மூன்றாவது நாள் நானே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பெண்ணாடத்திலிருந்து வந்த ஓர் அக்காவிடம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, ஒங்களுக்குப் பலாப்பழம் குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க குடுத்தாங்க. நல்ல இனிப்பு. சொள ஒவ்வொண்ணும் இவ்ளோ பெருசு."

புதுச்சேரிப் பெண் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

விஷயம் இதுதான். நம் ஊரில் இலவச மிக்சி வந்ததா, வேட்டி சேலை வந்ததா என்று யாராவது பேப்பரோடு வந்து கேட்டால், அது ஏன் என்று எல்லோருக்கும் தெரியும். வரவில்லை என்று சொன்னால் பெரிய ஆபீசருக்கு ஒன்றும் ஆகாது. நம் தெருவில் அதைச் சுமந்துகொண்டு வந்து கொடுத்த ஆள்தான் மாட்டுவார். அதனால் வந்ததோ வரவில்லையோ, வந்துச்சு என்றுதான் சொல்ல வேண்டும். முதல் நாள் கேள்வியைக் கேட்டதுமே ஒருத்தி போனில் பேசி அனுப்பியிருக்கிறாள்: "வசந்தியக்காவ செக் பண்றாங்க. அக்கா திருடிட்டாங்கன்னு கத கட்டப் பாக்குறாங்க. யாரு கேட்டாலும் வந்துச்சுன்னு சொல்லிடுங்கடி." மத்தியானத்துக்குள் அது மாவட்டம் முழுக்கப் போய்விட்டது.

கணக்குப் போட்டால் என்ன வரும்? சாக்கில் எத்தனை பலாப்பழம் இருந்ததோ, கடலூர் வட்டாரத்தில் மொத்தம் அத்தனை பேர்தான். அதற்கு மேல் ஒருத்தர்கூட இல்லை. சென்னையிலிருந்து எங்கள் மேனேஜர் போன் செய்தார்.

"சூப்பர்மா! நூத்துக்கு நூறு! ஒருத்தர்கூட விட்டுப்போகல!"

"சார், அதுதான் சார் பிரச்சினை. நம்பர் சின்னதா வருது. மாடிய மூடிடுவாங்க."

"ஆனா பர்சன்டேஜ் ரொம்ப நல்லா இருக்கேம்மா," என்றார் ஏக்கத்தோடு.

முடிவிலி

வசந்தியக்காவிடம் சொன்னபோது அவருக்கு முதலில் பெருமை தாங்கவில்லை. "எல்லாரும் வந்துச்சுன்னுதான சொன்னாளுவ? அப்ப என் வேல சுத்தம்." மறுபடியும் கல்யாண மண்டபம், மறுபடியும் ரோஜாப்பூ. இந்தத் தடவை பொறுமையாகக் கேட்டார். கேட்கக் கேட்க முகம் மாறியது.

"அடிப்பாவிங்களா. என்னக் காப்பாத்துறேன்னு மாடிக்கு வேட்டு வச்சிட்டாளுவளா?" என்று போனைக் கையில் எடுத்தார். நான் தடுத்திருக்க வேண்டும். ஆனால் வசந்தியக்கா போனை எடுத்த பிறகு தடுப்பதற்கு ஆள் பிறக்கவில்லை.

மேனேஜரிடம் கெஞ்சி இரண்டாவது சுற்றை மறுபடி நடத்த அனுமதி வாங்கினேன். அடுத்த வாரம் அதே கேள்வி. எல்லோரும் இல்லை என்றார்கள்.

பலாப்பழமா? பார்த்ததே இல்லை. கீசெயினா? அப்படியென்றால் என்ன? ஒருவர் தோளில் தொங்கிய பையின் ஜிப்பில் ஊதாப் பலாப்பழம் ஆடிக்கொண்டே இருக்க, "சாமி சத்தியமா அப்படி ஒண்ணு எனக்கு யாரும் குடுக்கல" என்று சத்தியம் செய்தார். எந்தச் சாமி என்று மட்டும் சொல்லவில்லை. அந்த அளவில் ஜாக்கிரதைதான்.

ஒருவரிடமும் இல்லை என்றால் பூஜ்யத்தால் வகுக்க வேண்டும். கம்ப்யூட்டர் முடியாது என்று கைவிரித்துவிட்டது. போன வாரம் ஒரு சாக்கு. இந்த வாரம் முடிவிலி. இரண்டையும் ஒரே அறிக்கையில் வைத்து அனுப்பினால் மாடியோடு சேர்த்து என்னையும் விழுப்புரத்துக்கு அனுப்பிவிடுவார்கள். இன்னும் ஒரே ஒரு வாய்ப்புத்தான் தருவதாக மேனேஜர் சொன்னார். அதுவும் சொதப்பினால் முதல் வாரக் கணக்கே கணக்கு. எனக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. இவ்வளவு பாசத்தை வைத்துக்கொண்டு ஒரு கணக்கைக்கூட ஒழுங்காகப் போட முடியவில்லையே என்று.

பொய் சொல்ல வேறு இடமா இல்லை

மாடியில் ஒரு கூட்டம் போட்டோம். மத்தியான நேரம். போண்டாவும் டீயும். பெண்கள் கதவு வரை உட்கார்ந்திருந்தார்கள். கீழே மெத்தைக் கடையில் பஞ்சு அடைக்கிற சத்தம்.

நான் எழுந்து விளக்கினேன். கல்யாண மண்டபம், ரோஜாப்பூ, டிபன், பந்தி. எல்லாம் கேட்டுவிட்டுப் பெண்ணாடத்து அக்கா ரொம்ப அன்பாகச் சொன்னார்: "எதுக்கு மேடம் இவ்ளோ செரமம்? எதச் சொன்னா மாடி இருக்கும்னு சொல்லுங்க. அதையே சொல்லிடறோம்."

எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். நான் உட்கார்ந்துவிட்டேன்.

வசந்தியக்கா போண்டாவைத் தட்டில் போட்டுவிட்டு எழுந்தார். கத்தினார் என்பது போதாது. கீழே பஞ்சுச் சத்தம் நின்றுவிட்டது.

"நெசத்தச் சொல்லித் தொலைங்கடி! பொய் சொல்றதுக்கு ஊரு பூரா எடம் கெடக்கே. வூட்ல பொய்யி, பஸ்ல பொய்யி, பள்ளிக்கூடத்துல புள்ளையச் சேக்குறப்ப பொய்யி, ஆஸ்பத்திரில பேரு கேட்டா பொய்யி. பொய் சொல்லாம குந்துறதுக்கு இருக்கறது இந்த ஒரு மாடி. இங்கயும் வந்து அதத்தான் சொல்லணுமா? அப்பறம் இந்த மாடி இருந்தா என்ன, இடிஞ்சா என்ன?"

அவர் குரல் கடைசியில் உடைந்துவிட்டது. அதை மறைக்க டீயை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார். சூடு. கண்ணில் தண்ணீர் வந்தது, அதற்கும் டீதான் காரணம் என்று விட்டுவிட்டோம்.

கதவோரத்திலிருந்து கிள்ளைப் பெண் ஒருத்தி கையைத் தூக்கினாள்.

"அப்ப நெசத்தச் சொல்லட்டுமாக்கா?"

"சொல்லு."

"எனக்கு வரல. எங்க பக்கம் எவளுக்கும் வரல. கிள்ளைய நீ எட்டிக்கூடப் பாக்கல."

வசந்தியக்கா வாயைத் திறப்பதற்குள் அடுத்தவள் ஆரம்பித்துவிட்டாள். "சிதம்பரத்துலயும் பஸ் ஸ்டாண்டோட நின்னுட்டுத் திரும்பிட்ட. ஊருக்குள்ள வரவே இல்ல."

"எனக்கு ரெண்டு குடுத்த!"

"ஒண்ணுதான்டி குடுத்தேன்!"

"ரெண்டு. ஒண்ண எங்க நாத்தனாருக்குக் குடுத்துட்டேன்."

அப்புறம் நிற்கவில்லை. யாருக்குப் பிடித்தவள் என்று கொடுத்தது, யாரோடு சண்டை என்று விட்டது, எல்லாம் வந்தது. இத்தனை நாள் அவரைக் காப்பாற்றியவர்கள் ஒருத்தர் பாக்கியில்லாமல் போட்டுக் கொடுத்தார்கள். வசந்தியக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "ஏறி எறங்க என் காலு என்ன மோட்டாரா?" என்று கேட்டுப் பார்த்தார். எடுபடவில்லை. கடைசியில் என் பக்கம் திரும்பி, "கேட்டுக்கிட்டீங்களா மேடம்? மாடியக் காப்பாத்த என் மானத்த வித்துட்டேன்" என்றார். ஆனால் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது.

அந்த அமளியில்தான் பெண்ணாடத்து அக்கா என்னையும் இழுத்துவிட்டார். "எல்லாரும் நெசத்தச் சொல்றோம். மேடம் வூட்ல என்னா வேலன்னு சொல்லியிருக்கு?"

மாட்டிக்கொண்டேன். "சென்சஸ்னு," என்றேன்.

மாடியே அதிர்ந்தது. சிரித்துச் சிரித்து ஒருத்திக்குப் புரையேறிவிட்டது. "பாத்தீங்களாடி, மேடமும் நம்ம ஆளுதான்!" என்றார் வசந்தியக்கா. அதுவும் போனில் மாவட்டம் முழுக்கப் போனது. அன்றிலிருந்து எனக்கு 'சென்சஸ் மேடம்' என்றுதான் பெயர். என்னைப் பார்த்தே இராத பெண்கள்கூட வீட்டில் சென்சஸ் என்று சொல்லிவிட்டு மாடிக்கு வேலைக்கு வருகிற மேடம் எப்படி இருக்கிறாள் என்று விசாரித்தார்களாம்.

அடுத்த சுற்றில் உண்மையைச் சொன்னார்கள். சிலர் ஆமாம், பலர் இல்லை. நாத்தனாருக்குப் போனவற்றையும், இரண்டு வாங்கியவர்களையும், வசந்தியக்கா போகாத ஊர்களையும் பார்த்துக் கணக்கைச் சரிசெய்து, இதிலிருந்து இதற்குள் இருக்கலாம் என்று அறிக்கை அனுப்பினேன். நடந்தது எல்லாவற்றையும் அதில் எழுதினேன், முடிவிலி உட்பட. கூட்டிக் குறைத்து எழுதவில்லை. அப்புறம் பதில் வருவதற்காகக் காத்திருந்தோம். வசந்தியக்கா தினமும் மாடிப்படியில் நின்று, "என்னா மேடம், இருக்கோமா இல்லியா?" என்று கேட்பார்.

பதில் வந்தது, நான் சிதம்பரத்துக்குக் கல்யாணத்துக்குப் போன அன்று காலையில்.

மறுபடி பந்தி

ரசம் இன்னும் இலையில்தான் இருக்கிறது. அம்மா என் உச்சியில் தட்டியாகிவிட்டது, சென்சஸ் என்று சொல்லியாகிவிட்டது. அத்தை என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அத்தையின் பார்வை சாவிக்குப் போனது. அங்கிருந்து எனக்கு வந்தது. நான் எதைப் பார்க்கிறேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. நாத்தனார் என்று யாராவது கொடுத்த கீசெயினாக இருக்கட்டும் என்று நான் அவசரமாக வேண்டிக்கொண்டேன். ஊர் ஊராகக் கேட்டுக்கொண்டு திரிகிறவளுக்கு அந்த நிமிஷத்தில் எதுவும் தெரியக் கூடாது என்றிருந்தது.

அத்தை சாவியை எடுத்து மறைக்கவில்லை. ரசத்தை இரண்டு வாய் சாப்பிட்டார். பிறகு அம்மாவிடம் சொல்வது போல, என்னிடம் கேட்டார்.

"சென்சஸா? செரி. ஒங்க ஆபீஸ மூடிட்டு விழுப்புரத்தோட சேக்கப் போறாங்கன்னு பேச்சா இருந்துச்சே?"

அம்மா சிரித்துவிட்டாள். "நல்லா கேட்டீங்க போங்க. சென்சஸ் ஆபீஸ எவன் மூடுவான்? கவர்மென்ட்டாச்சே."

அத்தை சிரிக்கவில்லை. என் பதிலுக்காகக் காத்திருந்தார். அந்த இரும்பு அலமாரியில் எந்தத் தட்டில் அவர் மாத்திரை இருக்கிறதோ, இருக்கிறதோ இல்லையோ, எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அதைச் சொன்னேன்.

"மூடல அத்தை. இன்னிக்குக் காலையிலதான் போன் வந்துச்சு. அதே எடந்தான். அதே மாடிதான்."

அத்தை கண்ணை மூடித் திறந்தார். "எங்களயெல்லாம் சேத்துக்கிட்டீங்களா?"

"சேத்தாச்சு அத்தை."

"யாரும் வந்து கேக்கவே இல்லியே?"

"கேக்காமலே சேத்தாச்சு."

அவர் தலையை ஆட்டினார். சாவியை எடுத்துப் பர்ஸில் போட்டு மூடினார். பிறகு தன் இலையில் தொடாமல் வைத்திருந்த ஜாங்கிரியை எடுத்து என் இலையில் வைத்தார். "சாப்புடு. எளச்சுப் போய்க் கெடக்குற," என்றார்.

"எவ்ளோ பாசம் பாரு," என்று அம்மா என் காதில் சொன்னாள். "நீ அவுங்க வூட்டுக்கு ஒரு நாளாச்சும் போயிருக்கியா?"

கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ரசத்தின் மேல் பழி போடலாம் என்றால் அது ஏற்கனவே ஏறி இறங்கியிருந்தது. இல்லைம்மா, என்று சொல்லிவிட்டு ஜாங்கிரியை முழுசாகச் சாப்பிட்டேன்.